போனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த நதியா

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஏகாம்பரம் தன்னுடைய ஒரே கடையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார். உள்பக்கம் நான்கு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர். முன்பக்கம் கண்ணாடி மேசை போட்ட செல்போன் சர்வீஸ். 2008-இல் அந்த மேசையில் உட்கார்ந்து போன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நதியா. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

நதியா இருளர் வீட்டுப் பெண். வாலாஜாபாத் சாலையில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் இருபத்திரண்டு வீடுகள்தான் அவர்கள் குடியிருப்பு. அப்பா மாசி வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா சரசு நடவுக்கும் அறுப்புக்கும் போனார். அந்தக் குடியிருப்பில் பிளஸ் டூ பாஸ் செய்த முதல் ஆள் நதியா. அதற்குப் பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மூன்று மாதச் செல்போன் பயிற்சிக்குப் போனார். வகுப்பில் முப்பது பேர், அதில் பெண்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் தொழிலுக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். ஏகாம்பரத்திடம் வேலை கேட்டுப் போன அன்று, கிணற்றிலிருந்து எடுத்த ஒரு போனை அவர் மேசைமேல் வைத்து, இதை ஓட்டிக் காட்டு பார்க்கலாம் என்றார். முக்கால் மணி நேரத்தில் போன் மணியடித்தது. மறுநாளிலிருந்து வேலை.

அந்த வருஷம் பிப்ரவரியில் வேதாசலம் என்று ஒருவர் கடைக்கு வந்தார். சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் வேலை. உத்திரமேரூரை ஒட்டி நிலம் வாங்கிப் போட்டு, வாரக்கடைசியில் வந்துபோகிறவர். அவர் கொண்டுவந்த போன் செங்கல் கனம் இருந்தது. பக்கவாட்டில் தள்ளினால் உள்ளேயிருந்து ஒரு முழுக் கீபோர்டு வெளியே வரும். ஊரில் அப்படி ஒன்றை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அதை இயக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் நகராது. சென்னையில் இரண்டு கடைகளில் காட்டியதாகவும், போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டதாகவும் வேதாசலம் சொன்னார்.

நதியா போனைத் திறந்து பார்த்தார். போர்டில் ஒரு குறையும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வண்ணப் பட்டைகளைப் பற்றித் தேடினார். இப்படிப்பட்ட போன்களை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருந்து பேசிக்கொள்ளும் ஒரு இணையதளம் கிடைத்தது. போன் சாகவில்லை என்பது அங்கே படித்த பிறகு புரிந்தது. அதை நடத்துகிற அடிப்படை மென்பொருள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், உள்ளே கெட்டுப்போயிருந்தது. அதை மறுபடி ஏற்றினால் போதும். ஒன்பது நாள் கழித்துப் போன் எழுந்து உட்கார்ந்தது.

சோதித்துப் பார்க்க, தன்னுடைய பழைய பட்டன் போனிலிருந்து அதற்கு ஒரு மெசேஜ் அனுப்பினார் நதியா. தமிழில் இரண்டே வார்த்தைகள். அந்தப் பெரிய போனில் வந்து விழுந்தது வரிசையாகச் சில கட்டங்கள்தான். ஒரு எழுத்துகூட இல்லை.

"என் பட்டன் போனுக்குத் தமிழ் தெரியுது. இவ்ளோ பெரிய போனுக்குத் தெர்ல. இது இன்னாணா கம்ப்யூட்டர் போன்?" என்று அவர் ஏகாம்பரத்திடம் கேட்டார்.

அதை வாங்குகிறவன் இங்கிலீஷ் தெரிந்தவனாகத்தான் இருப்பான், அவனுக்குத் தமிழ் எதற்கு என்றார் ஏகாம்பரம். நதியாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவருக்குச் சரசுவின் நினைவு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடியிருப்புக்கு அறிவொளி வகுப்பு வந்தபோது, ஏழு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் சரசு. பஸ் பலகை படிப்பார். ரேஷன் கடை அறிவிப்பைப் படித்து மற்ற பெண்களுக்குச் சொல்வார். பொட்டலம் கட்டிவந்த பேப்பரைக்கூட விடமாட்டார். இந்தப் போன் என் அம்மாவுக்கு ஆகாது என்று எவன் முடிவுசெய்தான் என்பதுதான் நதியாவின் கோபம்.

வேதாசலம் அடுத்த வாரம் வந்தார். போன் ஓடுவதைப் பார்த்து அசந்துபோனார். ஆனால் அதற்குள் அவர் வேறு போன் வாங்கிவிட்டிருந்தார். செத்ததைப் பிழைக்கவைத்தது நீதான், நீயே வைத்துக்கொள் என்று நதியாவிடம் நீட்டினார். நதியா உடனே கை நீட்டவில்லை.

"சார், எழுதிக் குடுத்துடுங்க. எங்க ஆளுங்க கையில பெரிய பொருள் எதுனா இருந்தா, எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

வேதாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, போனின் பதினைந்து இலக்க எண்ணையும் சேர்த்து எழுதி, நதியாவின் வேலைத் திறமைக்காக விரும்பிக் கொடுத்தது என்று முடித்து, தேதியும் விலாசமும் போட்டுக் கையெழுத்திட்டார். நதியா அதை அன்றே லேமினேஷன் செய்துவிட்டார்.

இனி போன் அவருடையது. என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

அதே இணையதளத்தில் ஒரு மூலையில் சில பேர் வேறொரு வேலையில் இறங்கியிருப்பதை அவர் கவனித்திருந்தார். கம்பெனி போட்டுத் தந்த சிஸ்டத்தை ஒதுக்கிவிட்டு, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற சிஸ்டத்தை அதே போனில் ஓட்டும் வேலை. லினக்ஸை ஒரு மெமரி கார்டில் வைத்து, போனில் ஒரு சின்ன புரோகிராமைத் தட்டினால், பழைய சிஸ்டம் விலகிக்கொண்டு புதியது எழுந்திருக்கும். கார்டை எடுத்துவிட்டால் போன் பழையபடி ஆகிவிடும். அதில் ஒருவர் போட்டிருந்த படத்தில் போன் திரை முழுக்கத் தாய்லாந்து எழுத்துகள் தெரிந்தன. தாய்லாந்துக்காரன் எழுத்து வந்தால் நம் எழுத்து ஏன் வராது என்று நதியா ஒரு கேள்வி எழுதிப் போட்டார். நான்கு வரி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாளே பதில் வந்திருந்தது. போலந்து நாட்டிலிருந்து மாரெக் என்பவர் எழுதியிருந்தார். இந்தப் போனுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தவரே அவர்தான். தமிழ் வரலாம், தனக்குத் தெரியாது, முயற்சி செய்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். ஒரு வெளிநாட்டுக்காரர் தன்னிடம் செய்து பார்த்துச் சொல்லக் கேட்டது நதியாவுக்கு ஒரு வாரம் தெம்பாக இருந்தது.

முதல் தடை மெமரி கார்டு. அதை இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டும். இரண்டாம் பாகம் லினக்ஸுக்குப் புரிகிற வகையில் இருக்க வேண்டும். கடையின் கம்ப்யூட்டர்களால் அதைச் செய்ய முடியவில்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதைப் போட்டால் கம்ப்யூட்டரே சிறிது நேரம் லினக்ஸில் ஓடும். மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து நதியா போட்டார். டீ குடித்துவிட்டு உள்ளே வந்த ஏகாம்பரம் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்.

"இன்னாமா பண்ணிக்கினு கீற? என் வின்டோஸ் எங்க போச்சு?"

"அது அங்கயேதான் கீதுணா. இது சிடிலேர்ந்து ஓடுது. சிடிய எடுத்துட்டு திருப்பிப் போட்டா உங்களுது வந்துடும்."

"வர்லன்னா?"

"வர்லன்னா நானே போட்டுத் தரேன்."

ஏகாம்பரம் நகரவில்லை. கார்டைப் பிரித்து முடித்து, சிடியை எடுத்து, கம்ப்யூட்டர் பழையபடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். வந்ததும் பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் நதியாவுக்கு என்று அவரே சொல்லிவிட்டார்.

மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடும். ஒரு இடத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தில் இருக்கும் வரிகளை நதியா ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த வரிகளில் 'பேனிக்' என்று ஒரு சொல் தவறாமல் இருந்தது. அகராதியில் பார்த்தால் பீதி என்று போட்டிருந்தது. போனுக்கு எதைப் பார்த்து பீதி என்று அவர் தனியாகச் சிரித்துக்கொண்டார். எழுதிய வரிகளை மாரெக்குக்கு அனுப்புவார். அவர் ஒரு யோசனை சொல்வார். மாற்றிப் பார்ப்பார். மறுபடியும் பீதி. சில யோசனைகள் தவறாக இருந்தன. நதியாவே கண்டுபிடித்த ஒரு தவறை மாரெக் ஒப்புக்கொண்டு நன்றி எழுதினார்.

நடுவில் ஒரு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கடையில் வேலை அதிகம். குடியிருப்பில் சிலர், சரசுவின் மகள் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுக்கொண்டு ஓடாத போனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று பேசினார்கள். சரசு அவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. மகளிடம் வந்து, அது எதில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். நதியா சொன்னார்: கார்டில் இரண்டாம் பாகம் இருப்பதே போனுக்குத் தெரியவில்லை. சரசு கொஞ்சம் யோசித்துவிட்டு, வழியைச் சரியாகச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் நதியா மறுநாள் அந்தப் பாகத்தைப் போனுக்கு அடையாளம் காட்டும் ஃபைலைத் திறந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். ஒரு இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்து இருந்தது. ஐந்து மாதமாக அது அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு மதியம், மின்வெட்டு நேரம். கம்ப்யூட்டர்கள் அணைந்து கிடந்தன. போனில் மட்டும் சார்ஜ் இருந்தது. நதியா கார்டைப் போட்டு புரோகிராமைத் தட்டினார். நோட்டுக் கணக்குப்படி அது இருபத்து மூன்றாவது முறை. வெள்ளை வரிகள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டின. திரை ஒரு முறை அணைந்து, சாம்பல் நிறத்தில் விரிந்தது. மூலையில் ஒரு கடிகாரம் ஓடியது.

காலையிலேயே கார்டில் ஒரு தமிழ் எழுத்துருவையும், தமிழில் தட்டச்சு செய்த ஒரு ஃபைலையும் வைத்திருந்தார். குடியிருப்பில் இருந்த எல்லாருடைய பெயர்களும் அதில் இருந்தன. திறந்தார். தேவராஜ், செல்லம்மாள், சின்னப்பையன், முனியம்மாள் என்று வரிசையாக வந்தன. கொம்பு தான் இருக்க வேண்டிய இடத்தில், எழுத்துக்கு முன்னால் நின்றது. கால் பின்னால் நின்றது. புள்ளி தலைமேல் இருந்தது. ஒரு கட்டம்கூட இல்லை. நதியா இருபத்திரண்டு வீட்டுப் பெயர்களையும் கடைசிவரை படித்துவிட்டுத்தான் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

ஏகாம்பரம் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதிலிருந்து போன் பேசலாமா என்றார். முடியாது, அந்தப் பாகம் இன்னும் ஓடவில்லை என்றார் நதியா.

"பேசாத போன வெச்சிக்கினு இன்னாமா பண்ணப் போற?"

"படிக்கலாம்ணா."

படிப்பதோடு அவர் நிறுத்தவில்லை. போனின் கீபோர்டில் ஆங்கிலம் மட்டும்தான் அடிக்க முடிந்தது. கடைக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் மனு அடித்துக் கொடுத்து நதியாவின் விரல்களுக்குத் தமிழ்த் தட்டச்சு பழகியிருந்தது. ஆனால் போனில் விசைகள் குறைவு. எந்த எழுத்தை எங்கே வைப்பது என்று கிராஃப் தாளில் கட்டம் போட்டு எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். விசைகள்மேல் சின்னச் சின்னக் காகித எழுத்துகளை ஒட்டி, சரசுவின் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பார்த்தார். எந்த எழுத்தைத் தேடச் சரசுவின் விரல் அலைகிறதோ, அந்த எழுத்து இடம் மாறியது.

ழ-வை நதியா ஒரு ஓரத்தில், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும்படி வைத்திருந்தார். சரசு அதைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போனைக் கீழே வைத்தார்.

"நாம வாய்ல சொல்றதில்லன்னு அத மூலைல போட்டுட்டியா? எய்தறப்ப வேணும் இல்ல?"

நதியா ழ-வை எடுத்துக் கீபோர்டின் நடுவில் வைத்தார். அது அங்கேயே நின்றுவிட்டது.

2009 பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தக் கீபோர்டு ஃபைலை மாரெக்குக்கு அனுப்பினார். மார்ச்சில் மாரெக் வெளியிட்ட புதிய பதிப்பில் தமிழும் ஒரு மொழியாகச் சேர்ந்திருந்தது. உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலில் பதினான்காவது வரி: தமிழ்க் கீபோர்டு, நதியா மாசி, உத்திரமேரூர். நதியா அதை அச்செடுத்து அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். ஏகாம்பரம் அதை வாங்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும், நம்ம கடைப் பொண்ணுதான் என்று விளக்கம் சொன்னார்.

மே மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்களாம். அந்தப் பதிப்பை இறக்கிப் பார்த்த ஒருவர், உத்திரமேரூர் என்ற பெயரைக் கண்டு எழுதியிருந்தார். ஐயா, தாங்கள் வந்து எங்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று இருந்தது. நான் ஐயா இல்லை, அம்மாவோடு வருகிறேன் என்று நதியா பதில் போட்டார்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் விடியற்காலைப் பஸ் பிடித்துப் போனார்கள். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி அறை. நாற்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் இன்ஜினியர்கள். சரசு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேசைமேல் ஒரு கேமராவைப் பொருத்தி, போனின் திரை எல்லாருக்கும் சுவரில் தெரியும்படி செய்திருந்தார்கள். நதியா கார்டைப் போட்டுத் தட்டினார். வெள்ளை வரிகள் ஓடி, பாதியில் நின்றன. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு தடவை தோற்றவர் நதியா. புது இடம் என்று போன் பயந்துவிட்டது என்றார். அறை சிரித்தது. கார்டை எடுத்துத் துப்பட்டா நுனியால் துடைத்து மறுபடி போட்டார். இந்த முறை எழுந்தது. சுவரில் தமிழ் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

எந்தக் கல்லூரி என்று ஒருவர் கேட்டார். கல்லூரி இல்லை, பிளஸ் டூ, உத்திரமேரூரில் செல் சர்வீஸ் என்றார் நதியா. எங்கள் இருளர் குடியிருப்பில் முதலில் பிளஸ் டூ முடித்தவள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தார். பிறகு இன்னொருவர், குறை சொல்லும் எண்ணமில்லாமல்தான், ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு விலையுள்ள போனை வாங்குகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்; இதில் தமிழை யார் படிப்பார்கள்?

நதியா அம்மாவைக் கூப்பிட்டார்.

சரசு முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பஸ்ஸில் வரும்போது நதியா போனில் ஏதோ அடித்துக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியும். என்ன அடித்தார் என்பது தெரியாது. நதியா அதைத் திறந்து கொடுத்தார். சரசு போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஆனால் உரக்கப் படித்தார். "காலையில் நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் நாஷ்டா சாப்பிட்டோம். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார்." அங்கே நிறுத்தினார். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு சாப்ட்டேன். ரெண்டுன்னு போட்டுகீற."

சொல்லிவிட்டுக் கீபோர்டை வெளியே தள்ளி, இரண்டு கட்டைவிரல்களாலும் மெதுவாக 'இரண்டு' என்பதை அழித்துவிட்டு 'மூன்று' என்று அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் பின்னாலிருந்த சுவரில் பெரிதாக வந்தது. கேள்வி கேட்டவர்தான் முதலில் கைதட்டினார். கைதட்டல் அடங்கும்வரை சரசு போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவ்வளவு பேர் முன்னால் நின்றது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆனால் திரும்பிப் போய் உட்கார அவர் அவசரப்படவில்லை என்று நதியா பிற்பாடு சொன்னார். திரும்பி வரும்போது, செங்கல்பட்டு தாண்டியதும், சரசு அடுத்த தடவை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து ஒருவரும் மலேசியாவிலிருந்து ஒருவரும் அந்தக் கீபோர்டைப் பயன்படுத்துவதாக எழுதினார்கள். நதியா அவர்களுக்குத் தமிழிலேயே பதில் எழுதினார். வேலையைத் தனியாகச் செய்யும் தைரியம் வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது ஏகாம்பரத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் வாலாஜாபாத்தில் ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு சின்னக் கடையை விசாரித்துப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

2009 டிசம்பரில் 'நதியா செல் சர்வீஸ்' திறந்தது. எல்லாப் போன்களும் பழுது பார்க்கப்படும், முடிந்தவற்றில் தமிழும் போட்டுத் தரப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. அந்த 'முடிந்தவற்றில்' வேண்டாம் என்று பெயின்டர் சொல்லியும் நதியா விடவில்லை. இல்லாததை எழுதக்கூடாது என்றார். திறந்த அன்று காலை, பக்கத்துக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் ஒரு பெண் மட்டும் இருப்பதைக் கண்டு, ஓனர் எப்போது வருவார் என்று கேட்டார்.

"நான்தான் ஓனர்," என்றார் நதியா. "இன்னா ஆச்சு போனுக்கு? குடுங்க."